மார்த்தாண்டம் வட்டார வேன்களில் இன்டர்கூலர் மாற்றப்படும் காலம்: ஒரு முதற்கட்ட ஆய்வு

இக்கட்டுரை என்ன நுதலிற்றோ எனின், பழைய டர்போ டீசல் வேனில் அரித்துப்போன இன்டர்கூலரை எப்போது மாற்றுவார்கள் என்பதை உணர்த்துதல் நுதலிற்று. ஏன் அரிக்கிறது என்பதை வேதியியல் சொல்லிவிட்டது. எப்படி மாற்றுவது என்பதை பம்மத்துக்கும் வெட்டுமணிக்கும் இடையில் எந்த ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றாலும் இலவசமாகப் பார்க்கலாம். எப்போது என்பதற்குத்தான் இலக்கணம் இல்லை. தொல்காப்பியத்தையே அவையில் வைத்துக் குற்றம் ஆராய்ந்த அதங்கோட்டாசானின் ஊர் இந்தப் பக்கத்து அதங்கோடுதான் என்பார்கள். அப்படிப்பட்ட மண்ணில் இந்தக் குறை நீடிப்பது நன்றன்று.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட இனம் டி.என். 75 பதிவெண் கொண்ட டெம்போ டிராவலர். 1982-இல் பஜாஜ் டெம்போ நிறுவனம் ஓஎம் 616 டீசல் என்ஜினுக்கு டெய்ம்லர்-பென்ஸிடம் உரிமம் வாங்கியது. 1987-இல் டிராவலர் வந்தது. 2005-இல் நிறுவனம் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. என்ஜினும் சும்மா இருக்கவில்லை. முதலில் டர்போவையும் பிறகு இன்டர்கூலரையும் சூட்டிக்கொண்டது. அந்தப் பரம்பரையில் வந்த 2.6 லிட்டர் என்ஜின் 3,000 சுற்றில் ஓடும்போது, டர்போ இல்லாவிட்டாலும் நிமிடத்துக்கு 3,900 லிட்டர் காற்றை இழுக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு நிமிடத்துக்கு ஏழு லிட்டர் போதும். ஆகவே ஒரு வேனின் மூச்சு, கல்யாண மண்டபத்தில் பந்தி முடித்துச் சாய்ந்திருக்கும் ஐந்நூற்றைம்பது பேரின் மூச்சு. டர்போ அதற்கு மேலும் திணிக்கிறது. திணித்தால் சூடாகும். 120 பாகைக்கு ஏறிய காற்றை இன்டர்கூலர் 60-க்கு இறக்கினால், அதே அழுத்தத்தில் அடர்த்தி பதினெட்டு விழுக்காடு கூடுகிறது. பாகையுடன் 273-ஐக் கூட்டி வகுத்துப் பார்ப்பவர்க்கு இது விளங்கும். மற்றவர் குலசேகரம் ஏற்றத்தில் வண்டியோட்டி அறிக.

இனி அரிமானம். இன்டர்கூலர் அலுமினியம், அலுமினியம் துருப்பிடிக்காது, ஆகவே ஆராய்ச்சி தேவையில்லை என்பாரும் உளர். அது பொருந்தாது. அலுமினியத்தைக் காப்பது அதன் மேல் தானாகப் படியும் மிக மெல்லிய ஆக்சைடுத் தோல். உப்பிலுள்ள குளோரைடு அந்தத் தோலை ஆங்காங்கே கிழித்து உள்ளே குழி பறிக்கும். குழி வாயில் வெள்ளைப் பொடி பூக்கும். பிராக்கெட்டும் போல்ட்டும் இரும்பாக இருந்துவிட்டால், ஈரம் பட்ட இடத்தில் இரண்டு உலோகமும் சேர்ந்து பேட்டரியாகிவிடும். அந்தப் பேட்டரியில் தேய்கிற பக்கம் அலுமினியம். மார்த்தாண்டத்துக்கு ஆண்டில் இரண்டு பருவமழை உண்டு. தேங்காய்ப்பட்டணத்துக் கடலும் தொலைவில் இல்லை. இவை போதாவென்று, ஐஸ் உருகிய உப்புத் தண்ணீரைச் சொட்டிக்கொண்டே கேரளத்துக்குப் போகும் மீன் வண்டிகள் முன்னால் ஓடுகின்றன. பின்னால் வரும் வேனின் பம்பருக்குள் இருக்கும் இன்டர்கூலர் அதை முகத்தில் வாங்குகிறது. கடலுக்கே போகாத வேன் கடலில் குளித்துவருகிறது என்க.

ஓட்டை விழுந்த பின் நடப்பதே இவ்வாய்வின் இதயம். இன்டர்கூலர் கண்ணில் படாத உறுப்பு. ஆகவே அதன் மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. “அண்ணா, ஏத்தத்துல வண்டி இழுக்க மாட்டக்கு” என்று டிரைவர் சொன்னதும் முதல் குற்றவாளி ஏர் ஃபில்டர். அதைத் தட்டி ஊதிப் போட்டும் பயனில்லை என்றால் டீசல் ஃபில்டர், பிறகு டீசல் அடித்த பங்க், பிறகு நாசில், பிறகு பம்ப். கடைசியாக டர்போ. டர்போவைக் கழற்றிக் கையால் சுற்றிப் பார்த்து, நன்றாகச் சுற்றுகிறதே என்று எல்லோரும் வருத்தப்படுவார்கள். முதலாளி இதற்குள் டிரைவரையே சந்தேகித்திருப்பார். புது வண்டியானால் டேஷ்போர்டில் விளக்கு எரிந்திருக்கும். பழைய வண்டியில் அந்த வேலையைப் பின்னால் வரும் பைக் ஓட்டுபவர் பார்க்கிறார். காற்று குறைந்ததை அறியாத மெக்கானிக்கல் பம்ப் டீசலைத் தன் கணக்குக்கு ஊற்ற, எரியாத மிச்சம் அவர் முகத்தில் கரும்புகையாக விழுகிறது. அவர் ஓவர்டேக் செய்து டிரைவரிடம் சொல்வதை நாகரிகம் கருதி விடுகிறோம்.

“மக்கா, ஆக்சிலேட்டர மிதிக்கும்போ உஸ்ஸுன்னு சத்தம் கேக்குதா?” என்று மூத்த மெக்கானிக் ஒருவர் கேட்கும்போதுதான் விசாரணை திசை திரும்பும். அதற்குப் பிறகு செலவு ஒரு மூடி, ஒரு டயர் வால்வு, கம்ப்ரசர், கொஞ்சம் சோப்புத் தண்ணீர். இரண்டு வாயையும் அடைத்துக் காற்றேற்றிச் சோப்பு நுரையைத் தடவினால், குமிழி விடும் இடம் குற்றம் நடந்த இடம். இத்தனை மலிவான சோதனை கடைசியாக வருவது ஏன் என்பது தத்துவத் துறைக்குரியது, இங்கே தொடவில்லை.

இடையே ஒரு வியப்பு. சுற்றிலும் ரப்பர் தோட்டமாக இருக்கும் இந்த ஊரில், இன்டர்கூலர் ஹோஸுக்கு நம் ரப்பர் பால் உதவாது. டர்போ கசியவிடும் ஆயில் பட்டால் இயற்கை ரப்பர் ஊதிப்போகும். அதனால் ஹோஸ் சிலிக்கானிலோ வேறு செயற்கை ரப்பரிலோ வருகிறது. உள்ளூர் ரப்பருக்குக் கிடைத்த இடம், வெடித்த ஹோஸின் மேல் சுற்றும் கட்டு மட்டுமே.

ஓட்டை தெரிந்தால் மாற்றிவிடுவார்கள் என்று எண்ணுவது வெளியூர்க்காரர் மயக்கம். ஒட்டுவோர், வெல்டிங் வைப்போர், மாற்றுவோர் என்று மூன்று கட்சி உண்டு. எம்-சீல் போதும் என்பது முதல் கட்சி. மெல்லிய குழாயில் ஆர்கான் வெல்டிங் வைத்தால் பக்கத்தில் அரித்த இடம் திறந்துகொள்ளும் என்பது இரண்டாவதன் மேல் மற்ற இரண்டும் கூறும் குற்றம். எந்தக் கட்சி வெல்லும் என்பதைத் தீர்மானிப்பது ஓட்டையின் அளவன்று, அடுத்த ஓட்டம். ஆகஸ்ட் 29-இல் வேளாங்கண்ணியில் கொடியேறும். செப்டம்பர் 8-இல் திருவிழா. வேனுக்கு அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது. ஆனால் போகிற வழி பெரும்பாலும் சமதரை. ஆகவே எம்-சீல். கார்த்திகை ஒன்றாம் தேதி சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் அட்வான்ஸ் கொடுத்திருந்தால் நிலக்கல் ஏற்றம் கண்முன் வரும். ஆகவே புதியது. இதிலிருந்து பெறப்படும் விதி: இன்டர்கூலரின் ஆயுள் உப்புக்கும் முன்பதிவான பாதையின் ஏற்றத்துக்கும் எதிர் விகிதத்தில் அமையும். எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று இவ்விதிக்குப் புறனடை. எட்டு வயது தாண்டிய வாடகை வண்டி ஆண்டுக்கொருமுறை புகை காட்டியாக வேண்டும். அந்த வாரம் கரும்புகை மட்டும் பேசும், கட்சிகள் பேசா.

மாற்றும் வேலை அரை நாள். பம்பரையும் கிரில்லையும் இறக்கி, டீசல் தெளித்து ஊறவைத்தும் அசையாத போல்ட்டை உடைத்து எடுக்க வேண்டும். ஹோஸுக்குள் தேங்கிய ஆயிலைத் துடைக்காமல் புதியதை மாட்டக் கூடாது. என்ஜின் அதையே குடித்து, சாவியை அணைத்த பிறகும் ஓடும். கிளாம்பு புதிது போடாதவர் மறுவாரமே திரும்பி வருவார். அவருக்கும் சோப்புத் தண்ணீர்தான். வேலை முடிந்ததும் ட்ரயலுக்கு மார்த்தாண்டம் இரும்பு மேம்பாலத்தில் ஏற்றிப் பார்ப்பது வசதி. கீழே மார்க்கெட் நெரிசல், மேலே காலை அழுத்த இடம் உண்டு.

பழைய இன்டர்கூலர், பழைய சாமான் எடுக்கும் ஆக்கர் கடைக்கு அலுமினிய விலைக்குப் போகிறது. பிளாஸ்டிக் தொட்டி இரண்டையும் கழற்றிவிட்டுத்தான் எடை போடுவேன் என்பார் கடைக்காரர். ஃபின்னுக்குள் இறுகிய சேற்றைத் தட்டாமல் போடு என்பார் முதலாளி. அந்தச் சேற்றின் எடையை யார் கணக்கில் சேர்ப்பது என்பது தனி ஆய்வுக்குரியது. நிதி கிடைத்தால் தொடங்கலாம்.