எந்தக் கட்சி தம்பி?

கோடை விடுமுறையில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இப்போது ‘இன்டர்ன்ஷிப்’ வந்துவிட்டது. வாக்காளர் பதிவு, மக்களைத் திரட்டுதல், கடைசியில் ஒரு சான்றிதழ். சிதம்பரத்தில் பஸ் ஏறிக் கீரப்பாளையத்தில் இறங்கினால், அப்புறம் அக்னி நட்சத்திர வெயிலில் நடைதான்.

படிவத்தோடு யார் வந்தாலும் ஊருக்கு ஒரே அர்த்தம்: மகளிர் உரிமைத்தொகை. திண்ணையில் புளியங்கொட்டை எடுக்கும் ஆயா நிமிராமலே கேட்பார்: “போன தடவ எழுதிக்கிட்டுப் போனியே தம்பி, அந்த ஆயிரம் எங்க?”

“இது ஓட்டுக்கு ஆயா.”

“ஓட்டுக்கா? எவ்ளோ?”

சேர 6, நீக்க 7, வீடு மாறினால் 8 என்று பிள்ளைகள் படிவ எண்களை வாய்ப்பாடாக ஒப்பிப்பார்கள். 17 முடிந்தாலே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம் என்பார்கள். ஆயாவின் பேரனுக்கு 19. அவன் திருப்பூரில். மாலை போட்ட படத்துக்குள் போன பிறகும் பட்டியலைவிட்டு நகராத தாத்தாக்களை எழுப்பிவிட 2025 நவம்பரில் சிறப்புத் தீவிரத் திருத்தமே வரவேண்டியிருந்தது. உயிரோடிருப்பவர்களும் சேர்ந்தே காணாமல் போனார்கள் என்ற புகார் தனிக்கதை.

இத்தனைக்கும் டீக்கடை பெஞ்சில் ஒரு பூத் ஏஜென்ட் இருப்பார். எந்த வீட்டில் எத்தனை ஓட்டு, எந்த மருமகள் பெயர் இன்னும் தாய்வீட்டில், யார் சிங்கப்பூரில், எல்லாம் நாக்கு நுனியில். சான்றிதழ் எதுவும் கிடையாது. பிள்ளைகளிடம் அவருக்கு ஒரே கேள்விதான்: “எந்தக் கட்சி தம்பி?”

“எந்தக் கட்சியும் இல்லண்ணே” என்றதும்தான் மனிதர் நிஜமாகவே மிரண்டுபோவார்.