ஒரு வியாழக்கிழமை வேலை

1969 அக்டோபர் 16, வியாழக்கிழமை. பர்மிங்ஹாமிலிருந்து வந்த நான்கு இளைஞர்கள் லண்டனில் உள்ள ரீஜன்ட் சவுண்ட் ஸ்டூடியோவுக்குள் தங்கள் ஆம்ப்ளிஃபயர்களைத் தூக்கிக்கொண்டு நுழைந்தார்கள். மூத்தவருக்கே வயது இருபத்தொன்றுதான். அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது இரண்டு நாள். அதில் ஒரு நாள் ஒலிக்கலவைக்கு. ஆக, வாசிக்கக் கிடைத்தது ஒரே நாள். செலவுக்கு ஒதுக்கியது சுமார் 600 பவுண்டு. மேடையில் வாசிப்பது போலவே எல்லோரும் சேர்ந்து வாசித்தார்கள். பாடகர் ஆஸி ஆஸ்போர்னை மட்டும் ஒரு தனிக் கூண்டுக்குள் நிறுத்தி, கூடவே பாட வைத்தார்கள். ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்தது. ஒரு முழு நாள் கிடைத்ததே அப்போது அதிகமாகத் தோன்றியது என்று கிதார் வாசித்த டோனி ஐயோமி பிற்பாடு சொல்லியிருக்கிறார். மறுநாளே 20 பவுண்டு கூலிக்கு வாசிக்க சுவிட்சர்லாந்துக்குக் கிளம்பிவிட்டார்கள்.

'பிளாக் சபாத்' குழுவின் முதல் இசைத்தட்டு இப்படித்தான் உருவானது. குழுவின் பெயரே தட்டுக்கும் பெயர், முதல் பாட்டுக்கும் பெயர். ஹெவி மெட்டல் என்று இன்று உலகம் எதைச் சொல்கிறதோ, அது பிறந்தது அந்த வியாழக்கிழமையில்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். லெட் செப்பெலின், டீப் பர்ப்பிள் குழுக்களை முன்னிறுத்தி மறுப்பவர்கள் உண்டு. அந்த முதல் பாட்டைக் கேட்டபின் எனக்கு இந்த வாதத்தில் நாட்டம் போய்விட்டது.

இன்று ஒரு புதிய குழு தன் முதல் ஆல்பத்துக்கு மாதக்கணக்கில் உட்கார முடியும். டிரம்ஸின் ஒவ்வொரு அடியையும் கணினித் திரையில் கட்டத்துக்குள் இழுத்து உட்கார வைக்கலாம். பாடகரின் சுருதி விலகினால் மென்பொருள் திருத்திக்கொடுக்கும். சபாத்துக்கு இருந்தது நான்கு டிராக் மட்டுமே கொண்ட பதிவுக் கருவி. அன்று 'விக்கட் வேர்ல்ட்' பாட்டைப் பதிந்த கையோடு ஐயோமியின் ஃபெண்டர் கிதாரில் பிக்கப் பழுதாகிவிட்டது. சரிசெய்ய நேரம் ஏது? மாற்றுக்கு வைத்திருந்த கிப்ஸன் எஸ்ஜியை எடுத்து மிச்சப் பாட்டுகளை முடித்தார். அன்றிலிருந்து எஸ்ஜிதான் அவருடைய கிதார். பில் வார்டின் தாளம் சில இடங்களில் முந்துகிறது, சில இடங்களில் இழுக்கிறது. கீசர் பட்லரின் பேஸ் கிதார் அதன் பின்னாலேயே ஓடிப் பிடிக்கிறது. நான்கு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வாசிக்கும் சத்தம் அது. எத்தனை டிராக் இருந்தாலும் அதைத் தனியாகச் செய்து சேர்க்க முடியாது.

நால்வரும் பர்மிங்ஹாமின் ஆஸ்டன் பகுதிப் பிள்ளைகள். உலகப் போரில் குண்டு விழுந்த இடிபாடுகளைச் சுற்றி வளர்ந்தவர்கள். ஆஸி கசாப்புக்கூடத்தில் வேலை பார்த்தார், கார் ஹாரன்களின் ஒலியைச் சரிபார்க்கும் வேலை பார்த்தார், திருட்டு வழக்கில் சில வாரம் சிறையிலும் இருந்தார். பட்லர் கணக்கு எழுதியவர். ஐயோமி தகரத் தகடு வெட்டும் ஆலையில் இருந்தார். பதினேழு வயதில் ஒரு குழுவோடு ஐரோப்பாவுக்கு வாசிக்கப் போகும் வாய்ப்பு வர, வேலையை விட்டார். கடைசி நாள். மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர் திரும்பிப் போக விரும்பவில்லை. ஒத்துக்கொண்ட வேலையை முடித்துவிட்டு வா என்று அம்மா அனுப்பினார். அன்று வராத ஒருவருக்குப் பதிலாக ஒரு பிரஸ்ஸில் நின்றார். அது வலது கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகளை எடுத்துக்கொண்டது. இடது கைக்காரர் என்பதால் தந்தியை அழுத்துவது அந்த வலது கைதான்.

இந்தக் கதையை நான் ஒரு பழைய ஆங்கில இசைப் பத்திரிகையில் படித்தது எண்பதுகளின் இறுதியில். அப்போது சென்னையில் வெற்றுக் கேசட்டைக் கொடுத்தால் கேட்டதைப் பதிந்து தரும் கடைகள் இருந்தன. தொண்ணூறு நிமிடக் கேசட்டின் ஒரு பக்கத்தில் இந்த ஆல்பம், மறுபக்கத்தில் அவர்களுடைய இரண்டாவது ஆல்பமான 'பாரனாய்ட்'. என் அப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பிரஸ் ஆபரேட்டர். எங்கள் தெருவில் விரல் குறைந்த ஆண்கள் பலர் இருந்தார்கள். அதை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா கேட்கும்படி கேசட்டைப் போட்டேன்.

"என்னடா இது, ஷாப்புக்குள்ள நிக்கிற மாதிரியே இருக்கு" என்றார்.

வாசிக்கிறவருக்கு பிரஸ்ஸில் விரல் போன கதையைச் சொன்னேன். அவர் பாட்டை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"எந்தக் கைடா? எத்தன விரலு?"

சொன்னேன்.

"முதலாளி எதுனா குடுத்தானா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்த ஆலையின் மேலாளர் ஒரு நல்ல காரியம் செய்தார் என்பதைச் சொன்னேன். வீட்டில் முடங்கிக் கிடந்த பையனுக்கு ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினார். தீக்காயத்தில் இரண்டு விரல் செயலிழந்தபின் மீதியுள்ள விரல்களால் வாசித்து ஐரோப்பாவைக் கட்டிப்போட்ட கிதார் கலைஞர் ஜாங்கோ. ஐயோமி பாத்திரம் கழுவும் திரவம் வந்த பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல்முனைக் குப்பிகள் செய்தார். பழைய ஜாக்கெட்டின் தோலை வெட்டி மேலே ஒட்டினார். கனமான தந்தியை அழுத்த முடியாததால் மெல்லிய பேஞ்சோ தந்திகளைக் கிதாரில் கட்டினார். தந்திகளின் சுருதியை இறக்கியது மூன்றாவது ஆல்பத்தில்தான். முதல் தட்டு வழக்கமான சுருதியில் பதிந்தது. அதில் கேட்கிற கனம் முழுக்க அந்தக் கை கண்டுபிடித்தது.

முதல் பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மழை, இடி, தொலைவில் ஒரு தேவாலய மணி. இந்த ஒலிகளைத் தயாரிப்பாளர் ராட்ஜர் பெயின் தரப்பு பின்னால் சேர்த்தது. குழுவினரே தட்டு தயாரான பிறகுதான் கேட்டார்கள். பிறகு மூன்றே சுரம். கீழ் ஸட்ஜம், மேல் ஸட்ஜம், அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்திமம். இசையமைப்பாளர் ஹோல்ஸ்டின் 'கோள்கள்' தொகுப்பில் செவ்வாய்க்கான பகுதியை பட்லர் வாசித்துக்கொண்டிருந்ததிலிருந்து இது முளைத்தது. ஸட்ஜத்திலிருந்து பிரதி மத்திமம் வரையுள்ள இந்த இடைவெளிக்குப் பழைய ஐரோப்பிய இசைக்காரர்கள் சாத்தானின் பெயரை வைத்திருந்தார்கள். நமக்கோ அது கல்யாணி ராகத்தின் உயிர். காந்தாரமும் பஞ்சமமும் இருபுறமும் துணை நிற்பதால் கல்யாணியில் அந்த மத்திமம் ஒளிர்கிறது. ஐயோமி அந்தத் துணைகளை எடுத்துவிட்டு அதைத் தனியாக நிறுத்தி, அதிர விடுகிறார். அச்சம் அங்கிருந்து வருகிறது. பாட்டில் பேசுகிறவன் சாத்தானைக் கும்பிடுகிறவன் அல்ல. இருட்டில் ஓர் உருவத்தைக் கண்டு நடுங்கிக் கடவுளைக் கூப்பிடுகிறவன். இதைக் காது கொடுத்துக் கேட்டவர்கள் அன்று குறைவு.

1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை, வெர்ட்டிகோ நிறுவனம் தட்டை வெளியிட்டது. அட்டையில் தேம்ஸ் கரையின் மேப்பிள்டர்ஹாம் நீராலையும் முன்னால் கறுப்பு உடையில் ஒரு பெண்ணும். உள்ளே தலைகீழ்ச் சிலுவை. அதைக் குழுவிடம் யாரும் கேட்கவில்லை. அவர்கள் கழுத்தில் தொங்கியவை ஆஸியின் அப்பா செய்து கொடுத்த நேரான சிலுவைகள். தலைகீழ்ச் சிலுவைதான் ஊர் வாயில் நின்றது.

விமர்சகர்கள் அடித்துத் துவைத்தார்கள். ரோலிங் ஸ்டோன் பத்திரிகையில் லெஸ்டர் பேங்ஸ், இது கிரீம் குழுவின் மோசமான நகல் என்ற பொருளில் எழுதினார். வில்லேஜ் வாய்ஸில் ராபர்ட் கிறிஸ்ட்காவ் மாந்திரீகப் பம்மாத்து என்று ஒதுக்கினார். இருவரும் நன்றாகக் கேட்கத் தெரிந்தவர்கள். ஆனால் அதுவரை இருந்த ராக் இசையின் நளினத்தை அதில் தேடினார்கள், கிடைக்கவில்லை. பத்திரிகை படிக்காமல் தட்டை வாங்கியவர்கள் அதை பிரிட்டனில் 8-ஆம் இடத்துக்கும் அமெரிக்காவில் 23-ஆம் இடத்துக்கும் கொண்டுபோனார்கள். பேங்ஸைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இரண்டே ஆண்டில் 'கிரீம்' என்ற பத்திரிகையில் சபாத்தை மெச்சி இரு பகுதிகளாக நீண்ட கட்டுரை எழுதினார். அதைச் செய்ய மனம் வேண்டும். அவர் மீது எனக்கு மதிப்பு கூடியது அதனால்தான்.

ரோலிங் ஸ்டோன் 2003-இல் வெளியிட்ட 500 சிறந்த ஆல்பங்கள் பட்டியலில் இந்தத் தட்டு இருக்கிறது. 2017-இல் அதே பத்திரிகை மெட்டல் ஆல்பங்களை வரிசைப்படுத்தியபோது ஐந்தாம் இடம் கொடுத்தது. பர்மிங்ஹாமில் பிராட் ஸ்ட்ரீட்டின் கால்வாய்ப் பாலம் 2019 முதல் பிளாக் சபாத் பாலம். நால்வர் முகமும் பதித்த பெஞ்சு அங்கே இருக்கிறது. 2023-இல் பர்மிங்ஹாம் ராயல் பாலே இவர்களுடைய இசைக்கு நடனமாடியது. 2025 ஜூலை 5 அன்று, ஆஸியின் பழைய வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் வில்லா பார்க் கால்பந்து மைதானத்தில், இருபது ஆண்டுக்குப் பின் நால்வரும் ஒரே மேடையில். பார்க்கின்சன் நோயால் நிற்க முடியாத ஆஸி சிம்மாசனத்தில் உட்கார்ந்து பாடினார். அன்று சபாத் வாசித்த நான்கு பாட்டுகளில் 'என்.ஐ.பி.' அந்த வியாழக்கிழமையில் பதிந்தது. வருவாய் பார்க்கின்சன் ஆய்வுக்கும் குழந்தைகள் மருத்துவமனைக்கும் தீராத நோயுற்ற குழந்தைகளைப் பராமரிக்கும் இல்லத்துக்கும் போனது. ஜூலை 22-இல் ஆஸி இறந்தார். அவர் சவ ஊர்வலம் அந்தப் பாலத்தில் நின்று சென்றது.

இந்த மரியாதைகள் எனக்கு மகிழ்ச்சியே. ஒரு குறை மட்டும் உண்டு. எல்லா அஞ்சலியிலும் இருளும் சிலுவையும் வவ்வாலும் வருகின்றன, தகடு வெட்டும் பிரஸ் வருவதில்லை. நீராலைப் படத்துக்குப் பதிலாக ஓர் ஆலைத் தளத்தை அட்டையில் போட்டிருந்தால் 1970-இன் விமர்சகர்களுக்கும் காது திறந்திருக்கும் என்பது என் கட்சி. இதுவரை கேட்காதவர்கள் ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். முப்பத்தெட்டு நிமிடம்தான். அட்டையைப் பார்க்காமல், பாட்டு வரிசையை மாற்றாமல், மழைச் சத்தத்திலிருந்து கடைசி வரை.