முதலிடம் கேரண்டிங்க!

கோபிசெட்டிபாளையத்தில் நாட்டுச் சர்க்கரை விற்க முதலில் வேண்டியது கரும்பு அல்ல, கூகுள் தேடலில் கடையை மேலே ஏற்றும் எஸ்இஓ ஆலோசகர். ஆளைத் தேர்ந்தெடுப்பது சுலபம். "கூகுள்ல முதலிடம், கேரண்டிங்க" என்பவரையே பிடியுங்கள். அப்படி யாராலும் உறுதி தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. பாவம், வெளியூர்க் கம்பெனி, அதற்கென்ன தெரியும்?

இணையப் பக்கத்தின் நிரலில் ஒளித்து எழுதும் மெட்டா கீவேர்டைத் தரவரிசைக்குப் பார்ப்பதில்லை என்றும் கூகுள் 2009இலேயே அறிவித்துவிட்டது. நம் ஆலோசகர் அசரமாட்டார். 'கோபி சர்க்கரை, சுத்தமான கோபி சர்க்கரை, பாரியூர் பக்கத்தில் கோபி சர்க்கரை' என்று பக்கம் பக்கமாக நிரப்புவார். கொள்கைப் பிடிப்பு என்றால் இது! மாதாமாதம் அறிக்கை வரும். பச்சைக் கோடு மேலே ஏறினால் பணத்தை அனுப்புங்கள். எதன் கோடு என்று கேட்பது மரியாதை இல்லை.

பக்கத்துக் கடைக்காரர் ஆறே மாதத்தில் முதலிடம் பிடித்துவிட்டார். கடையின் முழுப் பெயரையும் தெருவையும் பின்கோடையும் சேர்த்துத் தட்டினால் போதும்.

ஒரே ஒரு சிக்கல். பழனி கோயில், பஞ்சாமிர்தத்துக்கான சர்க்கரையைப் பல வருடமாகக் கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் ஏலம் எடுக்கிறது. முருகன் எந்தக் கீவேர்டைத் தட்டி அங்கே வந்தார் என்று ஆலோசகர் ஆராய்ந்துகொண்டிருக்கிறார். கட்டணம் தனி.