வாங்க ஆளில்லாத வரம்

ஃபிராங்க்ஃபர்ட்டில் பூசையே நடக்காத தேவாலயத்தைப் பார்க்கக் கூட்டம் போகிறதாமே, அங்கே என்ன வரம் கிடைக்கும்?
– ஒரு வாசகர், கன்னிவாடி

வரம் கொடுக்க முன்வந்து, வாங்க ஆளின்றித் திகைத்த இடம் அது: 1848 மே 18 அன்று பவுல் தேவாலயத்தில் கூடிய, ஜெர்மானியர் தேர்ந்தெடுத்த முதல் தேசியப் பேரவை, அரசமைப்புச் சட்டம் இயற்றி 1849இல் பேரரசர் மகுடத்தை நீட்டியபோது, மக்கள் தரும் மகுடம் தமக்குத் தகாதென்று பிரஷ்ய மன்னர் நான்காம் ஃபிரெடெரிக் வில்லியம் மறுத்துவிட்டார். 1944இல் குண்டுவீச்சில் எரிந்து, 1948இல் கூட்ட அரங்காக மீண்டெழுந்த அக்கட்டடம் எட்டாத தொலைவென்றால், பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு உறுப்பினரைத் தெரிந்தெடுக்கும் குடவோலை முறையை விவரிக்கும் முதலாம் பராந்தக சோழன் காலக் கல்வெட்டுகளை உத்திரமேரூரிலேயே காணலாம். ஆனால், பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவருடைய பெயர் மட்டுமன்றி அவர்தம் உறவினர் பெயரும் குடத்துக்குள் போகக்கூடாதென்று அவை விதிப்பதால், அரசியல்வாதிகளை அழைத்துச் செல்வோர் அந்த வரிகளைச் சற்று வேகமாகக் கடப்பது நல்லது.