போர்வைக்குள் விமானம்

டெல்லியில் பனிமூட்டமாம், மதுரையில் விமானம் லேட்டாம்! இங்கேதான் வெயில் கொளுத்துகிறதே?
(உசிலம்பட்டி வாசகர்)

உங்கள் விமானம் தூங்கி எழுந்தது டெல்லியில் அல்லவா? ஒரே விமானம் ஒரு நாளில் பல ஊர் சுற்றுகிறது. காலையில் டெல்லி போர்த்திய போர்வையை மாலையில் மதுரை மடிக்கிறது.

அதற்காக ஐந்து மணி நேரமா உட்கார வைப்பது?

உசிலம்பட்டிக்காரர் கேட்கிற கேள்வியா இது? அகலப்பாதை வேலைக்காக 2010 கடைசியில் நின்ற மதுரை–போடி லைன் ரயில், பயணிகளோடு உங்கள் ஊருக்குத் திரும்பியது 2022 மே மாதம்!

நஷ்டஈடு உண்டா?

பனிக்கு யார்மேல் கேஸ் போடுவது? வானிலை காரணம் என்றால் நஷ்டஈடு இல்லை. ஆனால் நீண்ட தாமதத்துக்குச் சாப்பாடு உண்டு. ஆறு மணி நேரத்தைத் தாண்டும் என்றால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். அழுத பிள்ளைக்குத்தான் பால்.

சென்னை விமானத்துக்கும் பனி என்றே சொல்கிறார்களே, சென்னையில் ஏது ஐயா பனி?

குறைந்தால் நாமே தயாரித்துக்கொள்வோம். 2018 போகியன்று பனியும் புகையும் கைகோத்ததில் சென்னை விமானங்கள் தவித்தன. பழையன கழியட்டும், பழைய டயரை மட்டும் விட்டுவிடுங்கள்.