பற்றும், அல்லது பற்றாது

பெட்டிக்கடையிலேயே லைட்டர் தொங்கும் காலத்தில், கட்டையைக் கட்டையோடு கடைந்து, உள்ளங்கை கொப்பளிக்கத் தீ மூட்டுகிறவர்களைப் பார்த்து ஊர் சிரிக்கிறது. புஷ்கிராஃப்ட் என்று ஆங்கிலப் பெயர் இருப்பதால் கொஞ்சம் மரியாதையாகச் சிரிக்கிறது. நகரவாசிக்குக் காட்டின்மேல் ஏக்கம் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. ஏக்கம் காட்டின்மேல் என்றால் கொசுவோடும் சமாதானமாகப் போயிருப்பார்கள். இவர்கள் முதலில் எடுத்துவைப்பதே கொசுவர்த்திச் சுருளைத்தான். தொடக்கமும் முடிவும் கண்ணெதிரே நடக்கிற ஒரு வேலை அவர்களுக்கு வேண்டியிருக்கிறது. அலுவலகத்தில் ஒரு கோப்பு எங்கே பிறந்து எங்கே போய்ச் சேர்கிறது என்பது அதில் கையெழுத்துப் போட்டவருக்கே தெரியாது. தீ பற்றும், அல்லது பற்றாது. மேலாளரைக் கலந்தாலோசித்துப் பற்றுவதில்லை.

கடலோர மரக்காணத்து உப்பில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. சட்டியில் ஊற்றி வற்றக் காய்ச்சினால் போதும் என்றுதான் பொழுதுபோக்காளர் இறங்குவார். மிஞ்சுவது கசக்கும். நீர் வற்ற வற்ற முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் படியும். பிறகுதான் சாப்பாட்டு உப்பு விளையும். கசப்பான மக்னீசிய உப்புகள் கடைசிவரை நீரிலேயே நிற்கும். அந்த மிச்ச நீரை வடித்தாக வேண்டும். உப்பளத்தில் பாத்தி பாத்தியாக நீரை மாற்றி, வெயிலிடம் ஒப்படைத்து, விளைந்ததும் வாரி எடுப்பதில் இத்தனை ரசாயனமும் அடங்கியிருக்கிறது. இது கைக்குப் பிடிபட்ட பிறகு, ரசத்தில் போடும் ஒரு சிட்டிகைகூடச் சாதனையாகத் தெரிவதில் வியப்பென்ன?

எரித்த விறகின் காசுக்குக் கடை உப்பே வாங்கியிருக்கலாமே என்பார்கள். 1930இல் ராஜாஜி உப்புச் சத்தியாகிரகத்துக்காகத் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குத் தொண்டர்களை நடத்திச் சென்றபோதும் கடையில் உப்பு இருந்தது. அது அரசியல், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு கைப்பிடி உப்புக்கு ஓர் அரசாங்கமே பதறியதென்றால், சொந்தக் கையால் எடுத்த பொருள் தராசு காட்டும் எடையோடு நிற்பதில்லை. விலையுயர்ந்த கத்தியும் கூடாரமும் வாங்கிக்கொண்டு எளிமை பேசுகிறார்களே என்றால், ராபின்சன் குரூசோவே உடைந்த கப்பலிலிருந்து கோடரி, துப்பாக்கி, ரம் எல்லாம் கரைசேர்த்த பிறகுதான் தனித்து வாழத் தொடங்கினார். முழுத் தற்சார்பு 1719இல் கதைக்குக்கூடக் கட்டுப்படியாகவில்லை.

கனமான ஆட்சேபம் உப்பளத்திலிருந்துதான் வரும். பாத்தியில் நின்று உப்பு வாருகிறவரும் விளைவைக் கண்ணெதிரே பார்க்கிறார். அவருக்கு ஏன் இந்த இன்பம் இல்லை? நினைத்தபோது நிறுத்திக்கொள்ளும் உரிமை அவருக்கில்லை. அது போய்விட்டால் மிஞ்சுவது வெயில்தான். மழை வந்தால் பொழுதுபோக்காளர் காரில் ஏறிக்கொள்வார். உப்பளத்தாருக்கு உப்போடு கூலியும் கரையும். அக்டோபர் முதல் டிசம்பர்வரை வேலையற்ற மாதங்களுக்கு மாநில அரசு ஒரு குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. இதனால் பொழுதுபோக்கு பொய்யாகிவிடாது. மாடித் தோட்டம் போடுகிறவரோடு எந்த விவசாயியும் சண்டைக்குப் போவதில்லை, அவர் தக்காளி விலையைப் பற்றி அறிவுரை சொல்லாதவரை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தீக் கடைந்து கை கொப்பளித்தவரும் உப்பளத்து வரப்பில் நின்று உழைப்பின் மேன்மையைப் பற்றிச் சொற்பொழிவாற்றாமல் இருந்தால் சரி.