சிவப்பு மை

1996இல் ப்ளஸ் டூ முடித்தபோது எனக்கு ஒரே ஆசைதான்: டிவி தொடருக்கு எழுத வேண்டும். பக்கத்து வீட்டு ஹாலில் உட்கார்ந்து, தூர்தர்ஷனில் கே.பாலசந்தரின் 'ரயில் சினேகம்' பார்த்த நாளில் பிடித்த ஆசை.

என்ன படித்தால் அங்கே போகலாம் என்று சொல்ல விருதுநகரில் எனக்கு ஆள் இல்லை. தரமணியில் அரசு திரைப்படக் கல்லூரி இருப்பது தெரியும். சென்னையில் விஸ்காம் என்று ஒரு படிப்பு வந்திருப்பதாகக் காதில் விழுந்திருந்தது. அப்பா அச்சகத்தில் கம்பாசிட்டர். "மெட்ராஸ்ல வச்சுப் படிக்கவைக்க நமக்குக் கட்டுப்படியாகாதுப்பா. எழுதத்தானே போற, தமிழ் படி" என்றார். பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருந்த கல்லூரியில் பி.ஏ. தமிழ் சேர்ந்தேன். கேமராவையே பார்க்காதவன் எப்படித் திரைக்கதை எழுதுவான் என்று முதல் வருடம் முழுக்க மனசு ஆறவில்லை.

சங்க இலக்கியம் நடத்திய ஐயா வாரம் ஓர் அகப்பாட்டு கொடுப்பார். யார் பேசுகிறார்கள், யாரிடம், எந்த நேரத்தில், மறைந்து நின்று கேட்பது யார் என்று எழுதிவரச் சொல்வார். தாள் முழுக்கச் சிவப்பு மையோடு திரும்பிவரும். மறுபடி எழுத வேண்டும். மூன்று வருடமும் இதுதான்.

சென்னைக்கு வந்து ஒரு தொடரில் உதவி வசனகர்த்தாவாகச் சேர்ந்தபோதுதான் அதன் அருமை புரிந்தது. சீன் பேப்பரின் முதல் வரியே இடமும் பகலா இரவா என்பதும்தான். தொல்காப்பியம் முதற்பொருள் என்று சொல்லும் நிலமும் பொழுதும் அவைதானே! அகப்பாட்டில் தலைவன் வேலிக்கு வெளியே நிற்பது தெரிந்தே தோழி தலைவியிடம் பேசுவதைச் சிறைப்புறம் என்பார்கள். மாமியார் வாசலில் நிற்பது தெரிந்தே மருமகள் அடுப்படியில் போனில் பேசும் காட்சியை நான் எத்தனை முறை எழுதியிருப்பேன்!

இப்போது என் மகள் ப்ளஸ் டூ முடித்திருக்கிறாள். அவளுக்கும் இதே ஆசை. எனக்குக் கிடைக்காத விஸ்காம் இன்று ஊருக்கு ஊர் இருக்கிறது. டிகிரி முடித்த பிறகு திரைக்கதையை மட்டும் படிக்க புனே திரைப்படக் கல்லூரி இருக்கிறது. தொழிலும் மாறிவிட்டது. அன்று தூர்தர்ஷனில் வாரம் ஒரு எபிசோடு. பதின்மூன்று வாரத்தில் பல தொடர்கள் முடிந்துவிடும். இன்று வாரத்துக்கு ஐந்தாறு எபிசோடு, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 22 நிமிடம். கதை ஒருவர், திரைக்கதை ஒருவர், வசனம் ஒருவர். ரேட்டிங் இறங்கினால் ட்ராக் மாறும். ராத்திரி எழுதிய வசனம் விடிந்ததும் வாட்ஸ்அப்பில் செட்டுக்குப் போக வேண்டும். திருத்தி எழுதிப் பழகாத கை இதைத் தாங்காது.

விஸ்காம் இருக்கும் இரண்டு கல்லூரிகளுக்குப் போனோம். முதல் இடத்தில் ஸ்டுடியோ, எடிட்டிங் அறை, கேமராக்கள் எல்லாம் காட்டினார்கள். "மூணு வருஷத்துல எத்தனை ஸ்கிரிப்ட் எழுதுவாங்க சார்?" என்று மகள் கேட்டாள். ஒரு செமஸ்டரில் ஒரு பேப்பர் இருக்கிறது என்றார்கள். இரண்டாவது இடத்தில் ஸ்டுடியோ சிறியது. அதே கேள்விக்கு அந்தப் பேராசிரியை பீரோவைத் திறந்து ஒரு கட்டுத் தாளை மேஜையில் வைத்தார். பிள்ளைகள் எழுதிய காட்சிகள். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை. மகள் அங்கேதான் சேர்ந்திருக்கிறாள்.

பாலசந்தர் படித்தது விலங்கியல். கிரேஸி மோகன் படித்தது கிண்டியில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங். மேடைக்கு நாடகம் எழுதி எழுதித்தான் இருவரும் எழுத்தாளர் ஆனார்கள். எழுதவைக்கிற இடம்தான் எழுத்தாளனுக்குக் கல்லூரி.

பிள்ளையை விஸ்காம் படிப்பில் சேர்க்கப் போகும் பெற்றோரே, ஸ்டுடியோவை மட்டும் பார்த்துவிட்டுப் பணம் கட்டாதீர்கள். மாணவர் எழுதி, ஆசிரியர் திருத்திய தாள் ஒன்றைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.